திருச்சியைச் சுற்றிப் பழங்கற்றளிகளும் மலையருவிகளும்

மெக்சிகோவின் தென்கோடியில் சியாப்பாஸ் மாநிலத்துக் காட்டுக்குள் பாலெங்கே என்ற மாயா நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் கோயில்களையும் அரண்மனையையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதில்லை. பக்கத்திலுள்ள மிசோல் ஹா, ஆகுவா அசுல் அருவிகளையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொள்கிறார்கள். காலையில் கல்வெட்டுகளும் கோபுரங்களும், பிற்பகலில் காட்டருவி என்பது அந்த வட்டாரத்தில் வழக்கமான திட்டம்.

இதே வகைப் பயணத்துக்குத் திருச்சிராப்பள்ளி மிகப் பொருத்தமான ஊர். நகரின் நடுவே பல்லவர், பாண்டியர் குடைவரைகள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தீவாகத் திருவரங்கம். வடக்கே பச்சைமலையும் வடமேற்கே கொல்லிமலையும். தெற்கே புதுக்கோட்டைச் சீமையின் மொட்டைப் பாறைக் குன்றுகள். கிழக்கே சோழர் விட்டுச்சென்ற தலைநகரம். இவை எல்லாம் சுமார் 100 கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்துக்குள் அடங்குகின்றன. ஆனால் வருகிறவர்களில் பெரும்பாலோர் உச்சிப்பிள்ளையாரையும் அரங்கநாதரையும் வணங்கியதோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதற்கு அப்பால் இருப்பவற்றைக் காலவரிசையிலும் திசைவாரியாகவும் பார்ப்போம்.

மலைக்கோட்டையின் இரண்டு குடைவரைகள்

தாயுமானவர் சன்னதியைக் கடந்து உச்சிக்கு ஏறும் வழியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குகைக்கோயில் இருக்கிறது. லலிதாங்குர பல்லவேசுவர கிருகம் என்பது அதன் பெயர். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது. பாலெங்கேயின் புகழ்பெற்ற அரசன் பகால் அரியணை ஏறிய ஆண்டு 615. அவன் ஆட்சியின் தொடக்கமும் மகேந்திரவர்மன் காலமும் ஒன்றே.

இந்தக் குகையில் நின்று பார்க்க வேண்டியது மேற்குச் சுவரிலுள்ள கங்காதரர் சிற்பம். சிவன் ஒரு கையால் சடைக்கற்றை ஒன்றைப் பக்கவாட்டில் நீட்டிப் பிடித்திருக்கிறார். அதை நோக்கிக் கங்கை, கைகூப்பிய சிறு பெண்ணுருவாக இறங்கி வருகிறாள். சிவனின் ஒரு கால் கீழே அமர்ந்த பூதத்தின் மேல் ஊன்றியிருக்கிறது. இருபுறமும் மண்டியிட்டவர்கள், மேலே பறந்து வருபவர்கள் என்று கல் முழுவதும் அசைவு தெரிகிறது. பக்கத்துத் தூண்களில் வடமொழிச் செய்யுள்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றில் ஒன்று காவிரியைப் பற்றியது: ஆறுகள் மேல் ஆசை கொண்ட சிவன் இந்த அழகிய காவிரியையும் விரும்பிவிடுவாரோ என்று அஞ்சி, மலைமகள் பிறந்த வீட்டை விட்டு இந்தக் குன்றுக்கே வந்து தங்கிவிட்டாளாம். காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று அவள் கணவருக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கிறாளாம். குகையின் வாசலுக்கு வந்து நின்றால் அந்தக் காவிரி இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகிறது.

மலையடிவாரத்தில் இன்னொரு குடைவரை உண்டு. அது எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. ஒருபுறம் சிவனுக்கும் எதிர்ப்புறம் திருமாலுக்குமாக இரண்டு கருவறைகள். பின்சுவரில் பிள்ளையார், முருகன், பிரமன், சூரியன், கொற்றவை என ஐந்து பெரிய சிற்பங்கள். நெருக்கமான வீடுகளுக்கு நடுவே ஒதுங்கி இருப்பதால் மேலே ஏறுகிறவர்களில் மிகச் சிலரே இதைப் பார்க்கிறார்கள்.

திருவரங்கமும் திருவானைக்காவும்

திருவரங்கம் இடிபாடு அல்ல; நாள்தோறும் வழிபாடு நடக்கும் கோயில், மக்கள் குடியிருக்கும் நகரம். ஏழு திருச்சுற்றுகளும் 21 கோபுரங்களும் கொண்டது. 236 அடி உயரமுள்ள தெற்கு ராஜகோபுரம் பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1987-இல்தான் நிறைவு பெற்றது. 1323-இல் டில்லிப் படையெடுப்பின்போது உற்சவர் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது. பல ஊர்கள் அலைந்து, விஜயநகரத் தளபதி கோபணாரின் முயற்சியால் 1371-இல் அரங்கம் திரும்பினார். பாழாகிப் போயிருக்கக்கூடிய ஒரு நகரம் மக்களின் பிடிவாதத்தால் மீண்டது என்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிடப் பெரிய சான்று இல்லை.

அதே தீவிலுள்ள திருவானைக்கா, பஞ்சபூதத் தலங்களில் நீருக்கு உரியது. ஜம்புகேசுவரர் கருவறை தாழ்ந்த மட்டத்தில் இருப்பதால் லிங்கத்தைச் சுற்றி நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஆற்றின் ஊற்றுநீரையே இறைவடிவமாகக் கண்ட ஊர் இது.

திருவெள்ளறையின் கேணி

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூர்ச் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயில் பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய திவ்யதேசம். உத்தராயண வாசல், தட்சிணாயன வாசல் என்று சூரியனின் போக்குக்கு ஏற்ப ஆண்டில் பாதிப்பாதி திறக்கும் இரண்டு வாசல்கள் இங்கே உண்டு. முற்றுப்பெறாத ராஜகோபுரமும் பல்லவர் காலக் குடைவரையும் பார்க்கத்தக்கவை.

ஆனால் இந்த ஊரின் தனிச்சிறப்பு, கோயிலுக்கு அருகே வெட்டவெளியில் இருக்கும் மாற்பிடுகு பெருங்கிணறு. பல்லவன் தந்திவர்மனின் நான்காம் ஆட்சியாண்டில் தோண்டத் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தவர், ஆலம்பாக்கத்து விசயநல்லுழானின் தம்பி கம்பன் அரையன் என்று அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. காலம் கி.பி. 800-ஐ ஒட்டியது.

கிணற்றின் அமைப்பு எளிதில் மறக்காது. நடுவில் சதுரக் குளம். நான்கு திசைகளிலிருந்தும் படிக்கட்டுகள் இறங்குகின்றன. ஒவ்வொரு படிக்கட்டும் நேராக நீரைச் சேராமல் பாதி வழியில் ஒரே பக்கமாக மடங்கி இறங்குவதால், மேலிருந்து பார்த்தால் கிணறு முழுவதும் சுவத்திக வடிவில் தெரியும். ஒரு துறையில் குளிப்பவரை இன்னொரு துறையில் இருப்பவர் பார்க்க முடியாது. ஊரார் இதை நாலுமூலைக் கேணி என்கிறார்கள். அரசன் பெயரில் ஒரு தனிமனிதர் வெட்டிய பொதுக்கிணறு 1,200 ஆண்டுகளாக வடிவம் கெடாமல் நிற்கிறது. பாலெங்கே நகரம் மக்களால் கைவிடப்பட்டதும் ஏறத்தாழ இதே காலத்தில்தான். அங்கேயும் நீர்ப்பணிதான் பெரும்பணி. நகரின் நடுவே ஓடிய ஓட்டுலும் ஓடையைக் கல்லால் மூடிய வாய்க்காலுக்குள் செலுத்தி, மேலே முற்றம் அமைத்தார்கள். கோயில் கட்டத் தெரிந்தவர்கள் முதலில் நீரைக் கட்டத் தெரிந்திருந்தார்கள் என்பதை இரண்டு இடங்களும் காட்டுகின்றன.

சீனிவாசநல்லூர்

காவிரியின் வடகரையோடு முசிறி, தொட்டியம் வழியே நாமக்கல் போகும் சாலையில், திருச்சியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டரில் சீனிவாசநல்லூர். இங்குள்ள குரங்கநாதர் கோயில் முற்காலச் சோழர் கற்றளிகளில் முதல்தரமானவற்றுள் ஒன்று. முதலாம் பராந்தகன் காலத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. கருவறை வெறுமையாக இருக்கிறது. வழிபாடு இல்லை. இந்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது.

வழிபாடு இல்லாததால் எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் ஏறாமல், உளி பட்ட கல் அப்படியே தெரிகிறது. தென்புறச் சுவரில் மரத்தடியில் அமர்ந்த தட்சிணாமூர்த்தியும் அவரைச் சூழ்ந்த முனிவர்களும் சோழர் சிற்பக்கலை எங்கிருந்து புறப்பட்டது என்பதைச் சொல்வார்கள். தேவகோட்டங்களுக்குப் பக்கத்தில் நிற்கும் ஆண், பெண் உருவங்களின் முகத்தில் சற்றே தலைசாய்த்து யாரையோ கேட்பதுபோன்ற பாவம் உண்டு. காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் இவற்றைப் பார்ப்பது நல்லது.

தெற்கே நார்த்தாமலையும் கொடும்பாளூரும்

புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் நுழைந்ததும் நிலம் மாறுகிறது. வயல்கள் குறைந்து கருங்கல் குன்றுகள் எழுகின்றன. திருச்சி–புதுக்கோட்டைச் சாலையிலிருந்து சற்று விலகியுள்ள நார்த்தாமலையின் மேலமலையில், மொட்டைப் பாறைச் சரிவின் நடுவே விசயாலய சோழீசுவரம் நிற்கிறது. வெளியே சதுரமான விமானம், உள்ளே வட்டமான கருவறை. தமிழ்நாட்டில் அரிய அமைப்பு. பெயர் சோழனுடையதாக இருந்தாலும், வாயிற்காவலர் சிற்பத்தின் அருகிலுள்ள கல்வெட்டு வேறு செய்தி சொல்கிறது: இளங்கோவதி அரையர் எடுப்பித்த கற்றளி மழையால் இடிந்து அழிய, மல்லன் விதுமன் என்பவர் அதைப் புதுக்கினார். பழுதுபார்ப்பு வேலைக்கே கல்வெட்டு வைத்த காலம் அது.

கோயிலுக்கு எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் ஒரே அச்சில் வார்த்ததுபோன்ற பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. மற்றொன்று பழியிலி ஈசுவரம் என்ற சிவன் கோயில். இதே ஊர் ஒருகாலத்தில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினரின் முக்கியமான இடமாகவும் இருந்தது. அருகிலுள்ள சித்தன்னவாசலின் சமண ஓவியங்களையும் அங்குள்ள ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளையும் அதே நாளில் பார்த்துவிடலாம்.

திருச்சி–மதுரை நெடுஞ்சாலையில் விராலிமலையைக் கடந்ததும் கொடும்பாளூர். மதுரைக்குப் போகும் வழி மூன்றாகப் பிரியும் இடமாகச் சிலப்பதிகாரத்தில் வரும் கொடும்பை இதுதான். சோழருக்குத் துணைநின்ற இருக்குவேளிரின் தலைநகரம். பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் தேவியர் கற்றளி, வரகுணை பெயர்களிலும் மூன்று விமானங்களை ஒரே வரிசையில் எழுப்பினான். அதனால் மூவர் கோயில் என்று பெயர். இன்று இரண்டு விமானங்களே நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் எஞ்சியிருக்கிறது. சுற்றிலும் இருந்த சிறு கோயில்களும் அடித்தள அளவில்தான் தெரிகின்றன. நடுக்கோயில் சுவரிலுள்ள வடமொழிக் கல்வெட்டு இருக்குவேளிரின் வம்ச வரிசையைத் தருகிறது. வேளிர் வரலாற்றுக்கு அதுவே முதன்மையான ஆதாரம். பாழ்பட்ட நகரம் ஒன்றைக் காண விரும்புகிறவர்களுக்குத் திருச்சி வட்டாரத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை.

கங்கைகொண்ட சோழபுரம்

திருச்சியிலிருந்து வடகிழக்கே சுமார் 100 கிலோமீட்டர், அரியலூர் மாவட்டத்தில் கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. முதலாம் ராஜேந்திரன் 1025-ஐ ஒட்டி நிறுவிய இந்த நகரம் சுமார் 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. 2004-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. கோயிலின் வடக்கு வாசலை ஒட்டிய சண்டேச அனுக்கிரக மூர்த்தி சிற்பத்தில், சிவன் தன் முன் பணிந்து அமர்ந்த அடியாரின் தலையில் கொன்றை மாலையைத் தானே சுற்றுகிறார். அந்த விரல்களின் மென்மைக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

கோயில் தப்பியது, நகரம் தப்பவில்லை. அருகிலுள்ள மாளிகைமேட்டில் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தபோது அரண்மனையின் செங்கல் அடித்தளங்களும் கூரை ஓடுகளும் சீனப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கோயிலின் மதிலும் வெளிக்கட்டுமானங்களும் வெயிலாலும் மழையாலும் மட்டும் அழிந்தவை அல்ல. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது அவற்றை இடித்துக் கல்லைக் கொண்டுபோனார்கள். மாயா நகரங்களைக் காடு மூடிக் காத்தது; சோழர் தலைநகரை மனிதக் கைகளே கல் கல்லாகக் கலைத்தன. ராஜேந்திரன் கங்கைநீரால் ஆன வெற்றித்தூணாக வெட்டுவித்த சோழகங்கம் ஏரி இன்று பொன்னேரி என்ற பெயரில் இருக்கிறது.

மலையிலிருந்து இறங்கும் நீர்

இனி அருவிகள். திருச்சிக்கு வடமேற்கே கொல்லிமலை, 1,000 மீட்டருக்கு மேல் உயரும் பீடபூமி. கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட நாடு. சங்கப் பாடல்களில் திரும்பத் திரும்ப வரும் மலை. நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே போக வேண்டும். மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு விளைவிக்கிறார்கள். மிளகு, காப்பி, பலா, அன்னாசியும் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழா நடக்கிறது.

மலைமேல் அறப்பளீசுவரர் கோயில். அதன் அருகிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் பள்ளத்தாக்குக்குள் இறங்குகின்றன. படிகளின் முடிவில், சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஒரே வீழ்ச்சியாக ஆகாயகங்கை விழுகிறது. கீழே நின்றால் சாரலில் எதிரே நிற்பவர் முகம் தெரியாது, பேச்சும் கேட்காது. இறங்குவது எளிது, ஏறுவதுதான் கடினம். படிகள் செங்குத்தானவை, ஈரத்தில் வழுக்கும். முழங்கால் வலி, இதய நோய் உள்ளவர்கள் மேலேயே நின்று பார்ப்பது நல்லது.

அதே நீர் ஐயாறாக மலையை விட்டு இறங்கி வந்து சேரும் இடம் புளியஞ்சோலை. துறையூர் வழியாகத் திருச்சியிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். அருவி என்பதைவிட, பாறைகளுக்கு நடுவே ஓடும் காட்டோடையும் அங்கங்கே தேங்கும் மடுக்களும் என்று சொல்வதே சரி. மரநிழல், தெளிந்த நீர், குழந்தைகளோடு உட்கார ஏற்ற ஆழமற்ற இடங்கள் எல்லாம் உண்டு. இங்கிருந்து ஆகாயகங்கைக்குக் காட்டு வழியும் இருக்கிறது. அதில் வனத்துறை அனுமதியும் உள்ளூர் வழிகாட்டியும் இல்லாமல் போகக் கூடாது. புளியஞ்சோலையைக் கடந்த ஐயாறு சமவெளியில் வயல்களுக்குப் பாய்ந்து, கடைசியில் காவிரியில் கலக்கிறது. ஆகாயகங்கையில் விழும் நீரின் ஒரு பங்கு இப்படித்தான் திருவரங்கத்தைத் தொடுகிறது.

துறையூருக்கு வடக்கே பச்சைமலை. கொல்லியை விட உயரம் குறைவு, கூட்டமும் குறைவு. சோபனபுரம் வழியாக டாப் செங்காட்டுப்பட்டிக்குச் சாலை ஏறுகிறது. வண்ணாடு, தென்புறநாடு, கோம்பை என்ற பழைய நாட்டுப் பிரிவுகளின் பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன. மங்கலம் அருவி திருச்சிப் பக்கத்திலும், கோரையாறு அருவியும் மயிலூற்று அருவியும் பெரம்பலூர்ப் பக்கத்திலும் விழுகின்றன. இவை மழையை நம்பிய அருவிகள். பங்குனி, சித்திரையில் போனால் பாறையை மட்டும் பார்த்துத் திரும்ப நேரும்.

காலமும் கவனமும்

இந்த மலைகளுக்கு முக்கியமான மழை வடகிழக்குப் பருவத்தில் கிடைக்கிறது. ஆகவே ஐப்பசி நடுவிலிருந்து தை முடிய உள்ள மாதங்களே அருவிகளுக்கும் பாறைக்கோயில்களுக்கும் சேர்த்துப் பொருத்தமான காலம். வெயில் தணிந்திருக்கும், ஓடைகளில் நீர் இருக்கும். கோடையில் நார்த்தாமலைப் பாறையில் உச்சிப்பொழுதுக்கு மேல் கால் வைக்க முடியாது. கனமழை பெய்யும் நாட்களிலோ அருவிப் பக்கமே போகக் கூடாது. கீழே வானம் வெளுத்திருந்தாலும் மலைமேல் மழை பெய்தால் ஓடை சில நிமிடங்களில் பெருகிவிடும். நீர் திடீரென்று கலங்கலானால், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், உடனே கரையேற வேண்டும். வனத்துறை தடை அறிவித்தால் அதற்கு அப்படியே கட்டுப்பட வேண்டும்.

முதல்முறை வருகிறவர்களுக்கு மூன்று நாள் போதும். முதல் நாள் மலைக்கோட்டை, திருவானைக்கா, திருவரங்கம். இரண்டாம் நாள் நார்த்தாமலை, சித்தன்னவாசல், கொடும்பாளூர். மூன்றாம் நாள் விடியற்காலையில் திருவெள்ளறை, அப்படியே துறையூர் வழியே புளியஞ்சோலை. இன்னும் ஒரு நாள் கிடைத்தால் சீனிவாசநல்லூரைப் பார்த்துவிட்டு, நாமக்கல் வழியே கொல்லிமலை ஏறி இரவு மேலேயே தங்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்குவதே முறை. வழியில் கடைகள் குறைவு என்பதால் குடிநீரும் கட்டுச்சோறும் கையில் இருக்கட்டும்.

தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னங்களைச் சேதப்படுத்தினால் இரண்டு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க 2010-இல் திருத்தப்பட்ட சட்டம் இடம் தருகிறது. ஆனால் சட்டம் எல்லாப் பாறைக்கும் காவல் நிற்க முடியாது. ஆயிரம் ஆண்டு நின்ற கல்வெட்டின் மேல் காதலர் பெயர் கீறப்படுவதும், அருவி மடுவில் மதுப்புட்டி உடைத்துப் போடப்படுவதும் இந்த வட்டாரத்தில் கண்கூடு. உடைந்த கண்ணாடி அடுத்து இறங்கும் குழந்தையின் காலைக் கிழிக்கும். கீறிய எழுத்து, படிக்கப்படாத ஒரு வரலாற்று வரியை அழித்துவிடும். கல்வெட்டின் மேல் சுண்ணாம்புப்பொடி தடவிப் படிக்க முயல்வதும் கேடுதான். படம் எடுங்கள், கல்லைத் தொடாதீர்கள். கொண்டுபோன பிளாஸ்டிக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள். அடுத்த விடுமுறைக்கு வெளியூர்த் திட்டம் போடுமுன், வீட்டுப் பிள்ளைகளை ஒருமுறை திருவெள்ளறைக் கேணிக்கும் கொடும்பாளூருக்கும் அழைத்துப் போங்கள்.